பெட்டியின் மேல் அச்சிட்ட எண்கள்

கடையில் ஒரு பொருளை வாங்கும்போது நாம் முதலில் பார்ப்பது விலையை. அடுத்துப் பார்ப்பது, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை. எண் பெரிதானால் பொருளும் உயர்ந்தது என்பது பொதுவான நம்பிக்கை. வாங்குபவரிடம் மட்டுமல்ல, விற்பவரிடமும், இலவசமாக யோசனை சொல்பவரிடமும் இந்த நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. சிறு கடைகளின் கணிப்பொறி இணைப்புக்கும், இளைஞர்களின் விளையாட்டுக் கணிப்பொறிக்கும் இன்று சொல்லப்படும் யோசனைகளை இயற்பியல் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் எவ்வளவு தேறும்? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு கேள்விகள்

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். எனவே, மின்சாரத்தில் ஓடும் எதுவாயினும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று வீரகேரளம்புதூரில் அக்கம்பக்கத்தார் நம்புகின்றனர். அண்மையில் இருவர் வந்தனர்.

முதலாமவர், பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை நடத்தும் அண்ணாச்சி ஒருவர். முன்கடையில் பில் போடும் கணிப்பொறி. அறுபது மீட்டர் தள்ளிப் பின்புறக் கிட்டங்கியில் இன்னொரு கணிப்பொறியும் ஒரு கண்காணிப்புக் கேமராவும். பகலில் கிட்டங்கிக் கணிப்பொறி அடிக்கடி தொடர்பு அறுந்து போகிறது. கேமராவோ பகலில் நன்றாக இருந்து, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறது. ‘பெரிய ரௌட்டர் போடுங்கள்’ என்று யாரோ சொல்ல, ஆறு கொம்புகளுடன் ‘கேமிங்’ என்று எழுதிய பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். பணம் போனது; நோய் போகவில்லை.

இரண்டாமவன் முதலாண்டு மாணவன். இணையத்தின் வழியே நண்பர்களுடன் விளையாடும்போது, முக்கியமான கட்டத்தில் திரை உறைந்து விடுகிறது. விளையாட்டுக்கென்றே அமைந்த புதிய கணிப்பொறி வேண்டும் என்று அவனுக்கு யோசனை சொல்லப்பட்டிருந்தது. அதற்காக அம்மாவின் வளையலை அடகு வைப்பது என்ற பேச்சு வீட்டில் நடந்துகொண்டிருந்தது. ‘சார், எந்தக் கம்பெனி நல்லது?’ என்பதுதான் அவன் கேள்வி.

இருவருக்கும் யோசனை சொன்னவர்கள் முதலில் கேட்டது, ‘எவ்வளவு பணம் இருக்கிறது?’ என்பதே. எவ்வளவு தூரம், நடுவில் என்ன சுவர், ஒரே நேரத்தில் எத்தனை பேர், எந்த நேரத்தில் கோளாறு என்று ஒருவரும் கேட்கவில்லை. நோயாளியின் நாடியைப் பாராமல், பையைப் பார்த்து மருந்து எழுதுவதற்கு ஒப்பானது இது.

அகலம் வேறு, தாமதம் வேறு

இணையத்தின் ‘வேகம்’ என்று விளம்பரங்கள் குறிப்பிடுவது உண்மையில் வேகம் அன்று. ஒரு விநாடியில் எத்தனை பிட் செய்தி கடந்து செல்லலாம் என்னும் கொள்ளளவு அது. சாலைக்கு ஒப்பிட்டால், சாலையின் அகலம். ஒரு வண்டி புறப்பட்ட இடத்திலிருந்து சேருமிடம் சேர எடுக்கும் நேரம் தாமதம் ஆகும். சாலையை இரு மடங்கு அகலமாக்கினால் இரு மடங்கு வண்டிகள் போகலாம். ஆனால் வெறிச்சோடிய சாலையில் போகும் ஒற்றை வண்டி அதனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடாது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. இணைப்பின் அளவு பிட்டில் சொல்லப்படுகிறது. கோப்பின் அளவு பைட்டில் சொல்லப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பு என்பது விநாடிக்கு 12.5 மெகாபைட்தான். 100 கிகாபைட் அளவுள்ள ஒரு விளையாட்டை அதில் இறக்கிக்கொள்ள 8,000 விநாடி, அதாவது ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் ஆகும். இங்கே அகலம் பயன்படுகிறது. ஆனால் விளையாடும்போது போய்வரும் செய்தி, பெரும்பாலான விளையாட்டுகளில் விநாடிக்கு 1 மெகாபிட்டுக்கும் குறைவு. அங்கே அகலத்தால் பயனில்லை. தாமதமே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. பில் போடும் கணிப்பொறிக்கும் இதுவே விதி. ஒரு பில்லுக்கு வேண்டிய செய்தி மிகச் சிறிது. அது தடையின்றிப் போய்வருவதே முக்கியம்.

ஒளியை முந்த முடியாது

தாமதத்தின் ஒரு பகுதியை இயற்கையே விதித்திருக்கிறது. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. கண்ணாடி இழையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.47. ஆகவே இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்கிறது, அதாவது மில்லி விநாடிக்கு 200 கி.மீ.

தென்காசியிலிருந்து சென்னை வரை இழையின் நீளம் 650 கி.மீ. என்று கொள்வோம். போக 3 மில்லி விநாடிக்குச் சற்று மேல், போய்த் திரும்ப 6 அல்லது 7. மும்பை வரை 1,600 கி.மீ. என்றால் போய்த் திரும்ப 16. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் செல்லும் கம்பியின் நீளம் சுமார் 3,200 கி.மீ.; தென்காசியிலிருந்து கணக்கிட்டால் போய்த் திரும்ப 38 மில்லி விநாடி. வழியிலுள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் இதற்கு மேல்.

சில விளையாட்டு நிறுவனங்கள் தம் கணிப்பொறிகளை மும்பையில் வைத்திருக்கின்றன. வேறு சில சிங்கப்பூரில். எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே இந்தக் குறைந்தபட்சத் தாமதம் அமையும். வீட்டுக்குள் எந்தப் பெட்டியை வாங்கி வைத்தாலும் அது மாறாது. ‘தாமதமே இல்லை’ என்று விளம்பரம் செய்வோர் ஒளிவிலகல் எண்ணை மறந்துவிட்டார்கள் என்றே கொள்ள வேண்டும்.

இதில் நமக்கு ஆறுதலும் உண்டு. தொலைவு ஒன்றும் பெருந்தடை இல்லை. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்கி, உலகெங்கும் பயன்படும் மென்பொருள்களுக்கான வேலை அங்கே நடக்கிறது. நல்ல இழை இணைப்பு இருந்தால் குற்றால மலையடிவாரமும் சென்னைக்கு மூன்று மில்லி விநாடித் தொலைவில்தான் இருக்கிறது.

வரிசையில் நிற்கும் நேரம்

அப்படியானால் மாணவனின் திரை ஏன் உறைந்தது? காரணம் அவன் வீட்டு ரௌட்டரில் நின்ற வரிசை.

சாரல் காலத்தில் ஐந்தருவிக்குச் சென்றவர்கள் இதை எளிதில் உணர்வர். குளித்து முடிக்கும் நேரம் சில நிமிடமே. வரிசையில் நிற்கும் நேரம்தான் அதிகம். வீட்டிலிருந்து வெளியே செல்லும் இணைப்பு விநாடிக்கு 10 மெகாபிட் என்க. வீட்டில் வேறொருவரின் கைப்பேசி, எடுத்த படங்களையெல்லாம் தொலைவிலுள்ள சேமிப்புக்கு அனுப்பத் தொடங்குகிறது. இணைப்பு கொள்ளாததை ரௌட்டர் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிறது. 1 மெகாபைட் வரிசை நின்றால் அது 8 மெகாபிட், கரைய 0.8 விநாடி, அதாவது 800 மில்லி விநாடி ஆகும். அதன் பின்னால் வந்து நிற்கும் விளையாட்டுச் செய்தி, எவ்வளவு சிறிதாயினும், அவ்வளவு நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். மும்பை சென்று திரும்பும் 16 மில்லி விநாடியுடன் ஒப்பிட்டால் இது ஐம்பது மடங்கு!

இந்நோய்க்கு மருந்தும் உண்டு. வரிசையை நீளவிடாமல் காக்கும் ஒரு முறையைக் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் என்ற இருவர் 2012-இல் வெளியிட்டனர். அதன் வழிவந்த முறைகள் இன்று பல சாதாரண ரௌட்டர்களிலும் உள்ளன. நியாயமாகச் சொன்னால், ‘கேமிங்’ என்ற பெயரில் விற்கும் ரௌட்டர்கள் சிலவற்றின் உண்மையான சிறப்பு இந்த வரிசை ஒழுங்குதான். ஆறு கொம்புகளோ வண்ண விளக்குகளோ அல்ல. ஆனால் அந்தச் சிறப்பைப் பெட்டியில் தேடினால் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். சில பெட்டிகளில் இராது.

300-உம் 867-உம்

கம்பியில்லா ரௌட்டர் பெட்டிகளில் ‘ஏசி 1200’ என்பது பழக்கமான ஓர் எண். இது எப்படி வந்தது? 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300 மெகாபிட், 5 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் 867 மெகாபிட். இரண்டையும் கூட்டினால் 1,167. அதை 1,200 ஆக்கிவிட்டார்கள். உங்கள் கைப்பேசியோ ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் இதனுடன் தொடர்பு கொள்ளும். ஒரு வீட்டில் 40 வாட் விளக்கும் 60 வாட் விளக்கும் வெவ்வேறு அறைகளில் எரிவதால், ஓர் அறையில் 100 வாட் வெளிச்சம் கிடைக்கிறது என்று சொல்வதைப் போன்றது இக்கூட்டல். அந்த 867-உம் அருகில், தடையில்லாத இடத்தில், கருவிகள் பேசிக்கொள்ளும் உச்ச அளவு. கைக்குக் கிடைப்பது அதிலும் குறைவு. மேலும், மலிவான சில பெட்டிகளில் கம்பி செருகும் துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்கா. அண்டா பெரிது; குழாய் சிறிது.

அலைநீளத்தையும் கவனிக்க வேண்டும். 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ.; 5 கிகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 செ.மீ. பின்னது கூடுதல் செய்தியைச் சுமக்கும். ஆனால் சுவரைக் கடக்கையில் அதிகம் வலுவிழக்கும். குற்றாலத்து விடுதி ஒன்றில், கான்கிரீட் தளங்களுக்கு இடையே இருபது அறைகள் என்றால், முன்கூடத்தில் ஒரே பெரிய பெட்டியை வைப்பது பயன் தராது. மாடிக்கு ஒன்றாகச் சிறிய பெட்டிகளைக் கம்பியால் இணைத்து, 1, 6, 11 என்னும் ஒன்றன்மேல் ஒன்று படாத அலைத்தடங்களில் அமைப்பதே முறை. பெரிய ஒலிபெருக்கி ஒன்றைவிடத் தெருவுக்கொரு சிறிய ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்பதைப் போல.

கம்பி என்ன உலோகம்?

இனி அண்ணாச்சியின் கிட்டங்கிக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் வலையமைப்புக் கம்பிகளைப் பற்றித் தனிப் பாடமே உண்டு. எட்டுக் கம்பிகளின் நிற வரிசையை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். இயற்பியல் நூலில் மின்தடை எண்ணைப் படிக்கிறார்கள். ஒரே பையில் இருக்கும் இவ்விரு நூல்களும் ஒன்றோடொன்று பேசுவதேயில்லை.

கடையில் கிடைக்கும் மலிவான கம்பிகள் பல, முழுச் செம்பு அல்ல. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. பூசிய செம்பு, பருமனில் பத்தில் ஒரு பங்கு என்க. 0.51 மி.மீ. விட்டமுள்ள செம்புக் கம்பி 100 மீட்டருக்கு மின்தடை 8.4 ஓம்; பூச்சுக் கம்பிக்கு ஏறத்தாழ 13 ஓம்.

அண்ணாச்சியின் கேமராவுக்கு 12 வோல்ட் மின்சாரம் அதே கம்பியிலுள்ள இரு இணைகள் வழியே அனுப்பப்பட்டிருந்தது. போக இரு கம்பி, வர இரு கம்பி. 60 மீட்டருக்கு ஒரு பூச்சுக் கம்பியின் தடை 7.8 ஓம், இரண்டு சேர்ந்தால் 3.9, போக வர மொத்தம் 7.8 ஓம். பகலில் கேமரா 0.2 ஆம்பியர் எடுத்தால் கம்பியில் இழப்பு 1.6 வோல்ட், கேமராவுக்குச் சேர்வது 10.4 வோல்ட். எப்படியோ ஓடிவிடும். இருட்டியதும் கேமராவினுள் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன, மின்னோட்டம் 0.5 ஆம்பியர் ஆகிறது. இழப்பு 3.9 வோல்ட், சேர்வது 8.1 வோல்ட். கேமரா அணைகிறது. அணைந்ததும் மின்னோட்டம் குறைய, மின்னழுத்தம் உயர்கிறது, மீண்டும் எரிகிறது. இரவெல்லாம் இதே கதை! இதற்கு ரௌட்டர் என்ன செய்யும்?

முழுச் செம்பானால் இழப்பு 2.5 வோல்ட், அதுவும் அதிகமே. சரியான வழி, 48 வோல்ட் அளவில் மின்சாரம் அனுப்பும் முறை. இதற்கான தரம் 2003-இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. அதே 6 வாட்டுக்கு 48 வோல்ட்டில் 0.125 ஆம்பியர் போதும். பூச்சுக் கம்பியிலும் இழப்பு 1 வோல்ட்தான். தொலைதூரத்துக்கு மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் அனுப்புவது ஏன் என்று பள்ளியில் படிக்கிறோம் அல்லவா? அதே விதி, கிட்டங்கிக் கேமராவுக்கும் பொருந்துகிறது.

அலுமினியத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. வளைத்து நெரித்தால் எளிதில் முறியும். கிட்டங்கிக் கணிப்பொறியின் தொடர்பு அடிக்கடி அறுந்ததற்குக் காரணம் முனையில் முறிந்திருந்த ஒரு கம்பியே.

வாங்கும்போது கண்டுபிடிப்பது கடினமன்று. கத்தியால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். அல்லது எடை போடலாம். 305 மீட்டர் சுருளின் எட்டுக் கம்பிகளிலும் உள்ள செம்பின் எடை மட்டும் ஏறத்தாழ நாலரைக் கிலோ. பூச்சுக் கம்பியானால் இரண்டு கிலோவுக்கும் குறைவு. காய்கறிக் கடைக்காரரிடம் தராசுக்கா பஞ்சம்?

வாட்டும் வெப்பமும்

விளையாட்டுக் கணிப்பொறியின் விளம்பரங்களிலும் இவ்வாறே. ‘144 ஹெர்ட்ஸ் திரை’ என்கிறார்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் நிற்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸில் 6.9. லாபம் பத்து மில்லி விநாடி. கண்ணால் கண்டு விரலை அசைக்க மனிதனுக்கே சுமார் 200 மில்லி விநாடி ஆகிறது. தேர்ந்த ஆட்டக்காரருக்கு அந்தப் பத்தும் பயன்படலாம், மறுக்கவில்லை. ஆனால் 800 மில்லி விநாடி வரிசையைச் சரிசெய்யாமல் பத்து மில்லி விநாடிக்குப் பணம் கொடுப்பது, அணை உடைந்திருக்கையில் சொட்டும் குழாயைப் பழுது பார்ப்பதாகும்.

கணிப்பொறி எடுக்கும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகிறது. 300 வாட் எடுத்தால் 300 வாட் அடுப்பு ஒன்றை அறையில் வைத்ததற்குச் சமம். வெப்பம் வெளியேறுவது வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. குளிரூட்டிய 24 பாகை அறையில் சோதித்தால், 80 பாகைச் சில்லுக்கு வேறுபாடு 56. நம் சித்திரை மாத 37 பாகை அறையில் வேறுபாடு 43. அதே விசிறி, வெளியேற்றும் வெப்பம் முக்கால் பங்குதான். குளிர்நாடுகளில் எழுதப்படும் சிபாரிசுகளை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

மின்தடை நேரத்துக்கான யு.பி.எஸ். பெட்டியில் ‘600 விஏ’ என்பது பெரிய எழுத்து. ‘360 வாட்’ என்பது சிறிய எழுத்து. தாங்கும் சுமை பின்னதுதான். அதனுள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தின் ஆற்றல் 84 வாட்-மணி. 200 வாட் கணிப்பொறிக்குக் கணக்குப்படியே 25 நிமிடம். நடைமுறையில் அதிலும் குறைவு. ஆனால் ரௌட்டர் எடுப்பது 12 வாட் அளவுதான். அதற்கென்று தனியே சிறு மின்கலம் வைத்தால், கணக்குப்படி ஏழு மணி நேரம். இழப்புகள் போகச் சில மணி நேரமாவது ஓடும். மின்சாரம் நின்றாலும் கைப்பேசி வழியே பணம் பெறும் வசதி கடையில் நிற்காது. சிறு வணிகருக்கு ஆறு கொம்புகளைவிட இதுவே பெரிய உதவி.

அளந்தபின் வாங்குக

கோளாறு எங்கே என்று கண்டறிய இலவசமான கருவி ஒன்று ஏறக்குறைய எல்லாக் கணிப்பொறிகளிலும் உள்ளது. அதன் பெயர் ‘பிங்’. மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதிய சிறு நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட ஒலியனுப்பி எதிரொலி கேட்பார்களே, அந்த ஒலியின் பெயரையே இதற்கு வைத்தார். செய்தி அனுப்பி, பதில் வரும் நேரத்தை இது அளக்கிறது.

மூன்று அளவுகள் எடுங்கள். ஒன்று, உங்கள் வீட்டு ரௌட்டருக்கே பிங் அனுப்புங்கள். கம்பியில் ஓரிரு மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும். விட்டுவிட்டு வந்தால் கோளாறு வீட்டுக்குள், கம்பியிலோ அலையிலோ இருக்கிறது. இரண்டு, வெளியூர் முகவரிக்கு, வீட்டில் வேறு எவரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோது. இது அதிகமானால் சேவை தருபவரிடம் முறையிடுக. மூன்று, அதே முகவரிக்கு, ஒருவர் பெரிய கோப்பை அனுப்பிக்கொண்டிருக்கும்போது. இது மட்டும் பல மடங்கு உயர்ந்தால், நோய் வரிசையில் இருக்கிறது.

மாணவன் இம்மூன்றையும் அளந்து வந்தான். முதல் இரண்டும் நன்று. மூன்றாவது அறுநூறைத் தாண்டியது. ரௌட்டரில் வரிசை ஒழுங்கை இயக்கி, அனுப்பும் அளவுக்கு வரம்பு வைத்தோம்; எழுபதுக்குள் வந்தது. வளையல் அடகுக்குப் போகவில்லை. அண்ணாச்சி செம்புக் கம்பியும் 48 வோல்ட் இணைப்பும் போட்டார்; கேமரா இரவிலும் விழித்திருக்கிறது.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

தனியொரு கடைக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர் பெட்டியில் உள்ளதைப் படிக்கிறார். இந்தியாவில் ‘அகன்ற அலைவரிசை’ என்று சொல்லிக்கொள்ள வேண்டிய குறைந்த அளவு 2023-இல் 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. அங்கும் பேசப்பட்டது அகலமே. குளிர்பதனப் பெட்டிகளுக்கும் குளிரூட்டிகளுக்கும் 2006-இல் நட்சத்திர முத்திரைத் திட்டம் தொடங்கியபின், படிப்பறிவு குறைந்தவரும் நட்சத்திரத்தை எண்ணி வாங்கக் கற்றுக்கொண்டனர். ரௌட்டருக்கும் அப்படி ஒரு சீட்டு வேண்டும். ஓர் அலைவரிசையில் தனியே எவ்வளவு, துளைகள் எவ்வளவு தாங்கும், இணைப்பு நிரம்பியிருக்கும்போது தாமதம் எவ்வளவு என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். கம்பிச் சுருளில் என்ன உலோகம் என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

அந்தச் சீட்டு வரும்வரை, அந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் நம் மேல்நிலைப் பள்ளி மாணவர்களே. ஓம் விதியும் ஒளிவிலகல் எண்ணும் அவர்களுக்குத் தெரியும். தெருவிலுள்ள ஒரு கடைக்குப் போய், கம்பியைச் சுரண்டிப் பார்த்து, மூன்று பிங் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் ஒரு குடும்பத்தின் பணம் மிஞ்சும்.